எந்த மழைக்கு சார்?

அந்த அம்மாவிடம் நிலத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது, இன்னொரு கேள்விதான் வரும். அரசாங்க வேலையில் இருக்கிறவனுக்கு இதைவிட எரிச்சல் கிடையாது. நாங்கள் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு போகிறவர்கள். அந்த அம்மா இரண்டிலும் அடங்க மாட்டார்.

நான் நில அளவர். ஊர் வழக்கில் சர்வேயர். இரண்டாயிரத்து ஏழு வாக்கில், ஏரிகளைக் காப்பாற்ற, ஆக்கிரமிப்பை அகற்ற என்று சட்டம் வந்து, ஒவ்வொரு ஏரியாக எல்லை அளந்து கல் நட எங்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, ஷிப்டுக்குப் போகும் பையன்களோடு ஷேர் ஆட்டோவில் ஒட்டிக்கொண்டு ஒரகடம் போவேன். அங்கிருந்து வல்லம் வடகால் பக்கம் ஓர் ஏரி. பெயர் வேண்டாம், சொன்னால் இன்றைக்கும் யாராவது ஒருவர் கோர்ட்டுக்குப் போவார். அந்த ஏரியின் மேல்கோடிச் சரிவில் பதினான்கு இருளர் குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. அளந்து பார்த்தால் ஏரி எல்லைக்கு உள்ளே. ஆகவே என் பட்டியலில் அவர்கள் 'ஆக்கிரமிப்பாளர், வரிசை எண் ஒன்று முதல் பதினான்கு வரை'.

வரிசை எண் ஒன்பது அந்த அம்மா. அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும், ஏறக்குறைய என் வயது. குள்ளம். நடக்கும்போது கண் எப்போதும் தரையில் இருக்கும். எலி வளை தோண்டுகிற முழ நீளக் கடப்பாரை ஒன்று கையில். கழுத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் அடையாள அட்டை. காண்ட்ராக்டரிடம் தோட்ட வேலை பார்த்தார். பெயரும் போட்டோவும் சேர்த்து அவரிடம் இருந்த ஒரே காகிதம் அதுதான். வேலை இல்லாத நாளிலும் அதைக் கழற்ற மாட்டார்.

"ஏம்மா, இந்த எடத்துக்குத் தண்ணி வருமா?" என்று கேட்டேன்.

"எந்த மழைக்கு சார்?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். "மழைன்னா மழைதான். வருமா வராதா?"

"அதெப்டி சார்? மழைல எத்தினியோ கீதே."

சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் பின்னால் போனேன். ஓர் இடத்தில் நின்று, "ஐப்பசில வுடாம நாலு நாள் பேஞ்சா இதுவரிக்கும்" என்றார். இன்னும் ஐம்பதடி மேலே போய், "புயல் மழைக்கு இதுவரிக்கும்." பிறகு குடிசைகளை எல்லாம் தாண்டிப் போனார். சரிவு முடிந்து மேடு தொடங்குகிற இடத்தில் ஒற்றைப் பனைமரம் ஒன்று நின்றது. அதன் அடியில் கடப்பாரையைக் குத்தினார். "ஒரு மழைக்கு இதுவரிக்கும் வரும்."

ஏரித் தண்ணீர் அன்றைக்கு எங்கோ கீழே, கரையோரம், குட்டையாகக் கிடந்தது. "இத நீ பாத்தியா?"

"நான் பாக்கல சார். நான் பொறக்கறதுக்கு முன்ன. எலி பாத்துக்கீது."

பிறகு விளக்கினார். ஏரிக்குள் காய்ந்த இடத்திலும் எலி வளை போடும். ஆனால் அது ஒரு வருஷத்து வளை, ஆழம் இருக்காது. ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாக எலி குடியிருக்கும் வளை வேறு. உள்ளே நாலைந்து அறை, நெல் சேர்த்து வைக்க ஓர் அறை, தப்பிக்க ஒரு பின்வாசல் எல்லாம் இருக்கும். அந்தப் பழைய வளைகள் பனைமரத்துக்கு மேலேதான் ஆரம்பிக்கின்றன. கீழே தோண்டினால் ஒன்றுகூடக் கிடைக்காது. "ஒரு தபா மூழ்கின எடத்துல அதுங்க பெரிய வூடு கட்டாது சார். நாங்கதான் கட்டுவோம்" என்று சிரித்தார்.

நான் அலுவலகத்தில் வந்து இதைச் சொல்ல, 'எந்த மழைக்கு' என்பது அங்கே பெரிய வேடிக்கையாகிவிட்டது. தாசில்தார் இன்று வருவாரா என்று யாராவது கேட்டால், "எந்த மழைக்கு?" என்பார்கள். எல்லோரும் அந்த அம்மாவை 'அவ' என்றார்கள். நானும்தான். இப்போது எழுத உட்கார்ந்தால் கை தானாக 'அவர்' என்று போகிறது.

அவர் வேலை பார்த்த கம்பெனியில் எலித் தொல்லை வந்தபோது நடந்ததைக் கேண்டீன் சூப்பர்வைசர் எனக்குச் சொன்னார். மருந்து வைக்கும் ஆளை வரவழைப்பதற்கு முன், "எத்தனை எலிம்மா இருக்கும்?" என்று சும்மா கேட்டிருக்கிறார். காலையில் கேட்டவர் மறந்தே போனார். இந்த அம்மா புல் வெட்டிக்கொண்டே காம்பவுண்டை முழுக்கச் சுற்றிவிட்டு, சாப்பாட்டு பெல் அடிக்கும் நேரத்தில் வந்து சொன்னாராம்: "பதினொண்ணு சார். ரெண்டு செனையா கீது." வாரக் கடைசியில் பிடித்து எண்ணிப் பார்த்தார்கள். பத்துதான் இருந்தது. சூப்பர்வைசர் கிண்டல் பண்ண, இவர் முகம் வாடிப்போய், மறுநாள் காலை ஷிப்டுக்கு முன்னாலேயே வந்து, ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் செத்துக் கிடந்த பதினொன்றாவதைக் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் மண்வெட்டியைக் கையில் எடுத்தாராம்.

காடுகளில் வாழும் பழங்குடிகளுக்கு நில உரிமை தரும் சட்டம் வந்த புதிதில், இருளர் சங்கக் கூட்டம் ஒன்றில் கேள்விப்பட்டு அந்த அம்மா என்னிடம் வந்தார். "காட்டுல கீறவங்களுக்கு அவங்க எடத்தையே எழுதிக் குடுக்கறாங்களாமே சார்?"

"ஆமாம்மா. ஆனா உங்க எடம் காடு இல்லியே. பதிவேட்டுல ஏரின்னு இருக்கு. ஏரிக்குள்ள யாருக்கும் பட்டா தரக் கூடாது."

"நாங்க காட்டுல இருந்தவங்கதான சார்? காடுதான பூட்ச்சி" என்றார். அவர் குரலில் சண்டை இல்லை. நான்தான் அவசரமாக ஃபைலைப் புரட்டினேன்.

சாதிச் சான்றிதழ் விசாரணையை மறக்க முடியாது. அவர் மகள் பத்தாவது முடித்துவிட்டு நர்ஸ் படிப்புக்கும் ஹாஸ்டலுக்கும் விண்ணப்பிக்கக் காத்திருந்தாள். பழங்குடி என்று சான்றிதழ் இருந்தால்தான் இடம். பழங்குடிதானா என்று நேரில் சோதிக்க ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். இருளர் என்றால் எலி பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் வைத்த பரீட்சை. இந்தக் கூத்துக்கு இடம் காட்ட என்னையும் அழைத்துப் போயிருந்தார்கள்.

"எங்க, ஒரு எலி புடிச்சிக் காட்டு பார்ப்போம்" என்றார் அதிகாரி, பக்கத்திலிருந்த ஒரு வளையைக் காட்டி.

அந்த அம்மா குனிந்து வளை வாயைப் பார்த்தார். ஒரு விரலால் மண்ணைத் தடவினார். "இதுல எலி இல்ல சார். எலிய துன்னுட்டு சாரைப் பாம்பு படுத்துக்கீது."

"அப்ப அந்தப் பாம்பப் புடி. இன்னும் நல்லது."

"பாம்பு புடிச்சா கேஸு ஆவும் சார். புடிக்கக் கூடாதுன்னு சட்டம் கீது. எங்க மாமாவ அதுக்குத்தான் உள்ள வெச்சாங்க."

அதிகாரி சிரித்தார். எலி கேட்டால் பாம்பு, பாம்பு கேட்டால் சட்டமா என்றார். வேறு வளையைக் காட்டுகிறேன், வயல் வரப்புக்கு வாருங்கள் என்று அந்த அம்மா கூப்பிட்டதற்கு அவருக்கு நேரம் இல்லை. 'பாரம்பரியத் தொழில் அறிவு ஐயத்திற்குரியது' என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். வண்டி திரும்புகிற அதிர்வில் அந்த வளையிலிருந்து ஆறடிச் சாரை ஒன்று வெளியே வந்து, ஜீப்பின் பின்சக்கரத்தை ஒட்டிப் புதருக்குள் போனது. பின் சீட்டில் இருந்த நான் மட்டும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. மேலதிகாரியின் தீர்ப்பு எழுதி முடித்த பிறகு பாம்பைப் பற்றிப் பேசுவது எங்கள் உத்தியோகத்தில் வழக்கம் இல்லை.

அந்தச் சான்றிதழ் வர மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. பெண் அதற்குள் செல்போன் கம்பெனி ஒன்றில் லைனில் நின்றுவிட்டாள். பிற்பாடு ஒருநாள் மனசு கேட்காமல், "ஏதோ ஒரு வளையத் தோண்டுற மாதிரியாவது காட்டியிருக்கலாமேம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியுமான்னுதான சார் கேட்டாரு? தெரிஞ்சதாலதான் தோண்டல."

நான் பார்த்த சாரையைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் விஷயம் முற்றியது. மனை போட்டு விற்கும் ஒருவர் ஏரியை ஒட்டி நிலம் வாங்கி வைத்திருந்தார். ஏரியின் மேல்கோடிச் சரிவு முழுவதும் ஒரே சர்வே எண். அது தண்ணீர் வராத தரிசு, ஏரிக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று மனு போட்டார். குடிசைகள் இருந்ததும் அதே எண்ணில்தான். "தண்ணி வராதுன்னு எல்லாரும் ஒரே வார்த்தையா சொல்லிடுங்க. எனக்கும் எடம் வரும், உங்களுக்கும் பட்டா வரும்" என்று குடிசை குடிசையாகப் போய்ச் சொல்லியிருந்தார். அது பொய் வாக்கும் இல்லை. ஏரி என்ற பெயர் போய்விட்டால் அவர்களுக்கு அந்த இடத்திலேயே பட்டா தரத் தடை ஏதும் இல்லை. தாசில்தாரும் தரத் தயாராகவே இருந்தார்.

விசாரணை அங்கேயே, ஷாமியானா போட்டு நடந்தது. மேஜைக்குப் பின்னால் தாசில்தார். ஓரத்தில் அளவு நாடாவும் நானும். ஒவ்வொருவராக வந்து, "தண்ணி வராது சார்" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மின்சாரம் இல்லை, ரேஷன் கார்டு இல்லை, ராத்திரி படுத்தால் காலையில் புல்டோசர் வருமோ என்ற பயம். அந்தப் பதினான்கு குடும்பத்துக்கும் ஒரு துண்டு நிலம் சொந்தமாக வருமா வராதா என்பது அன்றைக்கு ஒரு சொல்லில் இருந்தது. வரிசை எண் எட்டு, அந்த அம்மாவின் தம்பி, "வராது சார்" என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான்.

"நீ சொல்லும்மா. இங்க தண்ணி வருமா?" என்றார் தாசில்தார், அடுத்து வந்த அந்த அம்மாவிடம்.

என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

"எந்த மழைக்கு சார்?"

தாசில்தார் பேனாவை மேஜையில் வைத்தார். "ஏதாவது ஒரு மழைக்கு. வரும், வராது. ஒரே வார்த்தை."

"ஏதோ ஒரு மழைக்குன்னா, வரும் சார்."

சொன்னதோடு விடவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு பனைமரத்துக்குப் போனார். அதன் அடியிலிருந்து ஆரம்பித்து, குனிந்தபடி, தரையில் கோடு இழுத்துக்கொண்டே போனார். கோடு மேட்டின் அடிவாரத்தை ஒட்டி வளைந்து வளைந்து போயிற்று. இரண்டு இடத்தில் நின்று, ஏதோ வளையைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் மேலே ஏற்றினார். மனைக்காரரின் புதுக் கல்தூண் வேலி கோட்டுக்குக் கீழே விழுந்தது. பதினான்கு குடிசைகளும் கீழே விழுந்தன. அவருடைய ஒன்பதாவது குடிசை எல்லாவற்றிலும் பள்ளம்.

தம்பி ஓடிவந்து கையைப் பிடித்தான். "இன்னாக்கா பண்ற நீ? கைக்கு வந்தத்த நீயே தட்டி வுடறியே! நம்ம வூட்டுக்கே கோடு போடறியா?"

"வூடு அங்கதானடா கீது. நான் இன்னா பண்ண?" என்றார். பிறகு தாசில்தாரைப் பார்த்துக் கைகூப்பினார். "பட்டா வாணாம்னு சொல்லல சார். குடுங்கோ. கோட்டுக்கு மேல குடுங்கோ."

கோட்டுக்கு மேலே இருந்தது மேய்ச்சல் நிலம் என்று பதிவான மேடு. அதை யாருக்கும் தருவதாக அன்று பேச்சே இல்லை. சொந்தக் குடிசைக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஓர் ஆளை என் உத்தியோகத்தில் நான் அதுவரை கண்டதில்லை. அடியைப் பத்தடியாக இழுத்துக் காட்டுகிறவர்களையே அளந்து வந்தவன் நான்.

"சர்வேயர், இதையெல்லாம் குறிக்க வேண்டாம்" என்றார் தாசில்தார்.

ஜீப்பின் பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. "கோடு போட்டது போட்டதுதானே சார். அளந்துடறேன்" என்றேன். அளந்தேன். வரைபடத்தில் புள்ளிக் கோடாகப் போட்டு, 'உள்ளூர்வாசி காட்டிய உச்ச நீர் எல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்தக் காகிதம் ஃபைலில் ஏறியதால் மனு நின்றுபோயிற்று. நான் மதுராந்தகம் பக்கம் தூக்கியடிக்கப்பட்டேன். எனக்கு அது பெரிய நஷ்டம் இல்லை.

நஷ்டம் அந்த அம்மாவுக்குத்தான். அவரால்தான் பட்டா போயிற்று என்று பதிமூன்று குடும்பமும் பேச்சை நிறுத்திவிட்டது. தம்பி தன் குடிசை வாசலை எதிர்ப்பக்கம் மாற்றிக் கட்டினான். அவர் போனால் அடி பம்பில் நின்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்களாம். ஒருமுறை ஒரகடத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது பார்த்தேன், இளைத்திருந்தார். "வருத்தமா இருக்காம்மா?" என்று கேட்டேன். "இல்லாம எப்டி சார்" என்றார். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று ஒருமுறையாவது தோன்றியதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

சான்றிதழ் கையில் வந்த பிறகு, மேட்டைக் கேட்டு அவரே மனு போட ஆரம்பித்தார். திங்கட்கிழமை தோறும் காஞ்சிபுரம், கலெக்டர் அலுவலகம். ஒரு நாள் கூலி போகும், போவார். ஒவ்வொரு மனுவோடும் என் வரைபடத்தின் நகலை இணைப்பார். பதினான்கு பெயரையும் வரிசையாக எழுதச் சொல்வார், பேசாத தம்பி பெயரையும் சேர்த்து. கடைசியில் ஒரு கலெக்டர் அந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தார். இரண்டாயிரத்துப் பதினான்கில் மேட்டில் ஆளுக்கு மூன்று சென்ட் பட்டா வந்தது. தகரமும் ஓலையுமாக மேலே ஏறினார்கள். தம்பி அப்போதும் அக்காவிடம் பேசவில்லை என்று கேள்வி. மனைக்காரர் தன் சொந்த நிலத்திலேயே, கோட்டுக்குக் கீழே, கம்பெனிப் பையன்களுக்கு வரிசையாக வாடகை அறைகள் கட்டியிருந்தார்.

மறு வருஷக் கடைசியில் அந்த மழை வந்தது. நம் மாவட்டத்தில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மழை விட்ட இரண்டாம் நாள் காலை, மனசு நிற்காமல் கிளம்பிப் போனேன். ஒரகடத்துக்கு அப்பால் ஆட்டோ இல்லை. தண்ணீர் ஓடும் சாலையில் முழங்கால் அளவு நடந்தேன். தூரத்திலேயே பனைமரம் தெரிந்தது. அதற்குக் கீழே எல்லாம் தண்ணீர். பழைய குடிசைகள் இருந்த இடத்தில் அலை அடித்தது. வாடகை அறைகளில் ஜன்னலின் மேல் விளிம்பு மட்டும் தெரிந்தது. மேட்டில், பதினான்கு கொட்டகைகளிலும் அவற்றைச் சுற்றியும், ஐம்பது அறுபது பையன்கள் துணியைக் காயப்போட்டுக்கொண்டும் கஞ்சி குடித்துக்கொண்டும் இருந்தார்கள்.

திருநெல்வேலிப் பையன் ஒருவன் சொன்னான்: "அந்த அம்மா முந்தாநாளே மழையில நனைஞ்சிக்கிட்டு வந்து ரூம் ரூமாக் கதவத் தட்டுனாவ அண்ணாச்சி. நாங்க சிரிச்சோம். நீங்க வரலன்னா நானும் இங்கயே நிக்கேன்னு வாசல்லயே நின்னுட்டாவ."

தம்பி என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான். கண் கலங்கியிருந்தது. "அக்கா போட்ட கோடு சார்! அன்னிக்கு நான் கையப் புடிச்சி இழுத்தேனே, அதே கோடு. கரீக்டா அதுவரிக்கும் வந்து நின்னுக்கீது பாருங்க. டிவிக்காரங்கள இட்டுகினு வாங்க சார்!" சுற்றி நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான்கு வருஷம் ஊரே ஒதுக்கிவைத்த சொல் இது.

அந்த அம்மா தண்ணீர் ஓரத்தில் குந்தியிருந்தார். கழுத்தில் அதே அட்டை. பக்கத்தில் போய், "இதுதானேம்மா நீங்க சொன்ன மழை?" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரை 'நீங்க' என்றேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். திரும்பிப் பனைமரத்தைப் பார்த்தார். எழுந்து தம்பியையும் மற்றவர்களையும் பார்த்தார்.

"இல்ல சார். கோட்டுக்கு வரல. இன்னும் பன்னண்டு அடி கீது."

"அக்கா, வுடேன்" என்றான் தம்பி, கெஞ்சுகிற மாதிரி.

"வராதத்த வந்துச்சின்னு எப்டிடா சொல்றது? அது இன்னும் வரல." பிறகு என் தோள்பையைப் பார்த்தார். "நாடா வெச்சிக்கினு கீறீங்களா சார்? அளந்து எழுதிக்கோங்கோ. கீழ ரூம் கட்றவங்க நாளைக்கி, வர வேண்டிய மழை வந்துட்ச்சி, இனிமே வராதும்பாங்க."

பையிலிருந்து நாடாவை எடுத்தேன். ஒரு முனையை வாங்கிக்கொண்டு அவர் பனைமரத்தடிக்கு ஏறிப் போனார். நான் தண்ணீர் விளிம்பில் குனிந்து மறு முனையை அழுத்திப் பிடித்தேன். பன்னிரண்டு அடி, இரண்டு அங்குலம்.